பலதியாவைக் காட்டி வாக்கைப் பழிப்பவர்களுக்கு

“துபாயில் கவுன்சிலர் கிடையாது, அதனால்தான் குப்பையும் கிடையாது.” வளைகுடாத் தமிழர்களிடம் இது ஏறக்குறைய பழமொழியாகிவிட்டது. ஊரில் உள்ளாட்சித் தேர்தல் முடிவு வரும் நாளில் கூடுதல் உரக்கக் கேட்கும். எந்த வார்டில் யார் ஜெயித்தார், ஓட்டுக்கு எவ்வளவு கொடுத்தார், தோற்றவர் யார் வீட்டு வாசலில் நின்று சபித்தார் என்று வாட்ஸப் குழுவில் செய்தி விழ விழ, யாராவது ஒருவர் துபாயின் தேராவில் எடுத்த பளபளப்பான சாலைப் படத்தைப் போட்டு, “இங்கே எலெக்‌ஷன் நடத்தியா ரோடு போட்டான்?” என்று பேச்சை முடித்துவைப்பார். மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்திவிட்டு வேலைக்குப் போவார்கள்.

இப்படிச் சொல்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. இரவு ஷிஃப்ட் முடிந்து கேம்புக்குத் திரும்பும்போது பலதியா (நகராட்சி) வண்டி தொட்டியைக் கவிழ்த்துத் துடைத்து வைப்பதைத் தினமும் பார்ப்பவர்கள். ஊரில் கட்டுகிற வீட்டின் வரைபட அனுமதிக்கு யார் யார் கைக்கு எவ்வளவு போனது என்பதை மாதாமாதம் பணம் அனுப்பியே தெரிந்துகொண்டவர்கள். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் மனைவி கையெழுத்துப் போட, கணவர் ‘கவுன்சிலர்’ என்று காரில் பலகை மாட்டிக்கொண்டு போவதைக் கண்டவர்கள். அவர்களுடைய கோபம் உண்மையானது. அந்தக் கோபத்திலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தவறு. அது சின்னத் தவறாகவும் இல்லை.

முதலில், வளைகுடாவில் தேர்தலே கிடையாது என்பது சரியல்ல. பஹ்ரைனின் மனாமாவில் நகராட்சி தொடங்கியது 1919இல். உறுப்பினர்களில் பாதிப் பேர் நியமனம், பாதிப் பேர் தேர்வு. 1920களில் அந்த மன்றத்தில் அரபு வணிகர்களோடு பாரசீகர்களுக்கும் யூதர்களுக்கும் இந்து வணிகர்களுக்கும் இடம் இருந்தது. எண்ணெய் கிடைப்பதற்கு முந்தைய பஹ்ரைனில், கடைத்தெருவுக்கு வரி கட்டுகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அவன் குரல் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். குவைத்தில் 1930இல் நகராட்சி வந்தது. அதன் மன்றத்துக்கு ஆள் எடுப்பதுதான் அந்த நாட்டின் தேர்தல் பழக்கத்துக்கே தொடக்கம்.

துபாயின் கதை இன்னும் சுவையானது. அங்கேயே பல ஆண்டு இருந்தும் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். முத்து வணிகம் படுத்துப்போன 1930களில், ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்த பிறகு, துபாய் வணிகர்களும் ஆளும் குடும்பத்தின் ஒரு பிரிவினரும் சேர்ந்து நிர்வாகத்தைத் திருத்தச் சொன்னார்கள். 1938 அக்டோபரில் ஷேக் சயீத் பின் மக்தூம் இறங்கிவந்து, பதினைந்து பேர் கொண்ட மஜ்லிஸை ஏற்றுக்கொண்டார். ஊரின் வருவாயில் எட்டில் ஒரு பங்கு ஆட்சியாளருக்கு, மிச்சம் மன்றத்தின் ஒப்புதலோடு ஊருக்கு என்பது ஏற்பாடு. பள்ளிக்கூடம் திறந்தார்கள், சுங்கத்தை ஒழுங்கு செய்தார்கள், நகராட்சிக்கு ஒரு மன்றம் அமைத்தார்கள். ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. 1939 மார்ச்சில், சயீதின் மகன் ஷேக் ராஷித்தின் திருமண நாளை ஒட்டி, அந்த மஜ்லிஸ் ஆயுத பலத்தால் கலைக்கப்பட்டது. ஆனால் அது கேட்டவற்றில் பலவற்றைப் பின்னால் அதே ராஷித்தே செய்தார். ‘ஆட்சியாளர்கள் தாமாகவே யோசித்துக் கட்டிய ஊர்’ என்று நாம் நினைக்கும் துபாயின் முதல் திட்ட வரைவு, கலைக்கப்பட்ட ஒரு மன்றத்தில் எழுதப்பட்டது என்றே சொல்வேன்.

இன்றைக்கு வருவோம். கத்தாரில் 29 இடங்கள் கொண்ட மத்திய நகராட்சி மன்றத்துக்கு 1999 மார்ச்சில் முதல் தேர்தல் நடந்தது. பெண்களும் வாக்களித்தார்கள், போட்டியிட்டார்கள். சவூதியில் 2005இல் ஆண்கள் மட்டும் நகராட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள். 2015 டிசம்பரில் பெண்கள் முதல் முறையாக வாக்களித்து, நின்று, இருபது பேர் அளவில் ஜெயித்தும் வந்தார்கள். ஓமனில் 2011இல் சொஹாரில் வேலை கேட்டும் ஊழலை எதிர்த்தும் போராட்டம் வெடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுக்க நகராட்சித் தேர்தல் வந்தது. குவைத்தின் பதினாறு பேர் மன்றத்தில் பத்துப் பேர் தேர்வானவர்கள். அமீரகத்தில் நகராட்சிக்குத் தேர்தல் கிடையாது. கூட்டாட்சி தேசிய மன்றத்தின் நாற்பது இடங்களில் இருபதுக்கு மட்டும் உண்டு. 2006இல் ஏழாயிரத்துக்கும் குறைவானவர்களிடம் இருந்த வாக்குரிமை 2023இல் ஏறக்குறைய நான்கு லட்சம் குடிமக்களுக்கு விரிந்திருந்தது. அந்தத் தேர்தலில் 44 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2022இல் சென்னை மாநகராட்சிக்கு வாக்களித்தவர்களும் 44 சதவீதத்தை ஒட்டித்தான். இங்கிலாந்தின் சிறு நகரங்களில் கவுன்சில் தேர்தல் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒருவர்தான் வாக்குச்சாவடிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். ஆக, சோம்பலில் உலகம் ஒரே குடும்பம்.

இந்த மன்றங்களின் பலத்தை நான் மிகைப்படுத்தவில்லை. கத்தார் மன்றம் ஆலோசனைதான் சொல்ல முடியும். சவூதியில் 2015க்குப் பிறகு மறு தேர்தல் நடக்கவில்லை. பஹ்ரைன் தலைநகரில் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றத்தை எடுத்துவிட்டு 2014 முதல் நியமன வாரியத்தை வைத்துக்கொண்டார்கள். கத்தார் 2021இல் ஷூரா சபைக்குத் தேர்தல் நடத்திப் பார்த்துவிட்டு, 2024 நவம்பரில் பொது வாக்கெடுப்பு வைத்து அதைக் கைவிட்டது. ஆனால் நகராட்சி மன்றத் தேர்தலை விடவில்லை. அதுதான் நான் காட்ட வந்தது. கேட்பாரின்றி ஆளக்கூடிய ஒரு மன்னராட்சிக்குக்கூட, எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று சொல்ல அந்தத் தெருக்காரர் அனுப்பிய ஓர் ஆள் தேவைப்படுகிறார். அரண்மனைக்கே வேண்டியிருப்பது ஆண்டிப்பட்டிக்கு வேண்டாம் என்கிறோம் நாம்.

அடுத்தது, அந்தச் சுத்தம் எதனால் வந்தது என்ற கேள்வி. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையை அமீரகத்தில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அல் ஐன் பக்கத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். 1949இல் கணக்கு எழுதத் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு மழை இல்லை. துபாய் விமான நிலைய ஓடுபாதை ஏரியானது. ஷார்ஜாவின் சில பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கட்டடத்துக்குக் கட்டடம் குடியிருப்பவர்களே கூடி உணவும் குடிதண்ணீரும் பகிர்ந்துகொண்டார்கள். இது இயற்கையின் சீற்றம், எந்த ஊரும் திணறியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். இரண்டே மாதத்தில் ‘தஸ்ரீஃப்’ என்ற பெயரில் 3,000 கோடி திர்ஹத்துக்கு மழைநீர் வடிகால் திட்டத்தைத் துபாய் அறிவித்தது. இந்திய மதிப்பில் அறுபத்தைந்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். சென்னை மாநகராட்சியின் ஓர் ஆண்டு வரவு செலவே பத்தாயிரம் கோடியைத் தொடுவதில்லை. கவுன்சிலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்த அறுபத்தைந்தாயிரம் கோடி எந்தக் கஜானாவிலிருந்து சென்னைக்கு வரும் என்று யாராவது சொன்னால் நானும் கட்டைவிரலை உயர்த்துகிறேன்.

பணம் பாதி, மீதி ஆள். தேராவையும் சத்வாவையும் பளபளப்பாக வைத்திருப்பது நம் பக்கத்து ஆட்களும் ஆந்திரத்து ஆட்களும் வங்காளதேசத்து ஆட்களும்தான். அமீரகத்தில் வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை. செய்தவர் அடுத்த விமானத்தில் ஊரில் இருப்பார். சென்னையில் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு மண்டலங்களின் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டட வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். தேர்ந்தெடுத்த மாமன்றம் உள்ளே இருந்தும் அவர்களைக் காக்கவில்லை; அந்த அவமானத்தை மூடி மறைக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் பதின்மூன்று நாள் அவர்களால் அங்கே உட்கார முடிந்தது, ஊரே அதைப் பேசியது, அவர்களை விரட்டியவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ‘துபாய்போலச் சுத்தம்’ கேட்பவர்கள், அந்தச் சுத்தத்தின் கூலிக் கணக்கையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

“அரசியல் தலையீடு இல்லாததால் இங்கே சட்டம் சட்டமாக இருக்கிறது” என்பது அடுத்த வாதம். 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காஃபில் ஏறக்குறைய இருநூறு தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடியில் தீப்பிடித்தது. இறந்தவர்கள் ஐம்பதை ஒட்டி. அவர்களில் 45 பேர் இந்தியர்கள், ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கீழ்த்தளத்திலிருந்து எழுந்த புகை மேலே ஏற, அறைகளைத் தடுக்க வைத்திருந்த எளிதில் தீப்பற்றும் பலகைகள் எரிய, மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது என்று செய்திகள் வந்தன. மறுநாளிலிருந்து குவைத் நகராட்சி கட்டடம் கட்டடமாக ஏறி விதிமீறல் தேடியது. நகராட்சி அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அப்படியானால் ஜூன் 11 வரை சட்டம் எங்கே இருந்தது? விதி புத்தகத்தில் இருந்தது. அதை மீறியவர்கள் மேல் புகார் சொல்ல வேண்டிய இருநூறு பேருக்கோ, புகார் சொன்னால் படுக்கை போகும், வேலை போகும், இகாமா (தங்கும் அனுமதி) போகும். எந்த ஊரிலும் கட்டட விதியை உயிரோடு வைத்திருப்பது அதிகாரியின் நேர்மை மட்டும் அல்ல. உள்ளே குடியிருப்பவன் வாய் திறக்க முடியும் என்ற நிலையும்தான்.

இதைவிடவும் அழுத்தமான சாட்சி கத்தாரில் இருக்கிறது. அங்கே 2010இல் 15ஆம் எண் சட்டம் வந்தது: குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளில் தொழிலாளர்களைத் தங்கவைக்கக் கூடாது. நாம் ‘பேச்சிலர்’ என்று சொல்லிக்கொள்ளும் ஆட்கள், ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும் இங்கே பேச்சிலர்தான், அவர்களை வில்லாக்களிலிருந்து காலி செய்யும் சட்டம் இது. அதை இன்னும் கடுமையாக அமல்படுத்து என்று திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தவர்களில், மக்கள் தேர்ந்தெடுத்த அதே நகராட்சி மன்றத்தின் உறுப்பினர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை, பிள்ளைகள் வெளியே விளையாட முடியவில்லை என்று வாக்காளர்கள் முறையிட்டார்கள்; உறுப்பினர்கள் வாக்காளர்களின் குறையைக் கொண்டுபோனார்கள். அவர்கள் வேலையே அது. ஒரே வில்லாவில் முப்பது பேராகப் படுத்திருந்தவர்களுக்கு வேறு இடம் வாடகைக்குக் கட்டுப்படியாகுமா, வேலைக்குப் போக பஸ் உண்டா என்று கேட்கத்தான் யாரும் இல்லை. ஏனென்றால் அவர்களுக்கு வாக்கு இல்லை. தேர்தலால் ஒன்றும் நடக்காது என்பவர் இந்த ஒரு விஷயத்தை யோசித்தால் போதும்: தேர்தல் வேலை செய்தது. வாக்கு இருந்தவனுக்கு வேலை செய்தது. பலகையும் படுக்கையும் எடுத்துக்கொண்டு இடம் மாறியது நாம்.

துபாயிலும் 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில் அனுமதியில்லாத பார்ட்டிஷன்களை உடைக்கும் நடவடிக்கை நடந்தது. மங்காஃபை நினைத்தால் அந்த நடவடிக்கை நியாயம்தான். ஆயிரம் திர்ஹத்துக்குள் படுக்க இடம் தேடியவர்கள் அன்று இரவு எங்கே போனார்கள் என்ற கேள்வி எந்த மன்றத்தின் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. ஏற்றுவதற்கு ஒரு மன்றம் இல்லை.

“நாம் விருந்தாளிகள், வரி கட்டுவதில்லை, கேள்வி கேட்க என்ன உரிமை?” என்று அடக்கமாகச் சொல்பவர்களும் உண்டு. துபாயில் சொந்தப் பெயரில் வாடகைக்கு இருப்பவர் தேவா (மின்சாரம், தண்ணீர்) பில்லை ஒரு முறை நிதானமாகப் படிக்கட்டும். ஆண்டு வாடகையில் 5 சதவீதம், பன்னிரண்டாகப் பிரித்து, மாதாமாதம் ‘ஹவுஸிங் ஃபீ’ என்று அதில் ஏறியிருக்கும். போவது நகராட்சிக்கு. 2018 முதல் வாங்கும் பொருளுக்கெல்லாம் 5 சதவீத வாட். சவூதியில் 2017 ஜூலையில் உடன் தங்கும் மனைவி மக்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் நூறு ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு நூறாக ஏறி 2020இல் நானூறானது. மூன்று பிள்ளைகளோடு ரியாத்திலும் ஜுபைலிலும் இருந்த எத்தனையோ குடும்பங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டன. அந்தந்த நாடுகளுக்கு அதற்கான உரிமை உண்டு. ஆனால் ‘வரி இல்லை, அதனால் வாக்கு வேண்டாம்’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை இனியாவது விட்டுவிடலாம்.

வெளிநாட்டவனுக்கு உள்ளூர் வாக்கு கொடுப்பதும் நடக்காத காரியம் அல்ல. பஹ்ரைனில் சொத்து வைத்திருக்கும் வெளிநாட்டவர் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இங்கிலாந்தில் சட்டப்படி தங்கியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆகவேதான் ஹாரோவிலும் கிங்ஸ்டனிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் தெருவிளக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கவுன்சிலரைப் பிடித்துக் கேட்கிறார்கள், தாங்களே கவுன்சிலராகவும் ஆகியிருக்கிறார்கள். நான் துபாயில் வாக்கு கேட்கவில்லை. அது அந்த மக்கள் முடிவு செய்ய வேண்டியது. நான் மறுப்பது, துபாயைக் காட்டிப் பட்டுக்கோட்டையின் வாக்கை மட்டம் தட்டுவதை.

ஏனென்றால் தேர்தல் இல்லாத உள்ளாட்சி என்ற சோதனையைத் தமிழ்நாடு பலமுறை செய்து பார்த்துவிட்டது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, 1973இல் மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டிக் கலைக்கப்பட்டது. ஊழல் உண்மை. மருந்தாகக் கொடுத்தது 23 ஆண்டு அதிகாரி ஆட்சி. 1996இல் மு.க. ஸ்டாலின் நேரடித் தேர்தலில் மேயராகும்வரை நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஒரு தலைமுறைக் காலம். பலதியா பக்தர்கள் கேட்பது அப்படியே கிடைத்திருந்தது: அரசியல் இல்லை, ஐ.ஏ.எஸ். அதிகாரி, கோட்டையிலிருந்து உத்தரவு. சென்னை சிங்கப்பூராகிவிட்டதா? பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் நகரத்தின் குப்பையைக் கொட்டத் தொடங்கியது அந்த 1980களில்தான். கவுன்சிலர் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்று நிச்சயம், அதை எதிர்த்து மன்றத்தில் எழுந்து நின்று கத்த ஓர் ஆள் இருந்திருப்பார். மலையாகக் குவிந்த பிறகு வழக்குப் போட்டுக் கத்தினோம்.

இரண்டாவது சோதனை நமக்கு நன்றாக நினைவிருக்க வேண்டியது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரையும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி வரையும் இழுத்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஊராட்சிகள், நானூறுக்குக் குறைவான ஒன்றியங்கள். வகுத்துப் பாருங்கள், ஒருவர் தலையில் முப்பதுக்கு மேல் ஊர். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியத்தில் பெரும்பகுதி நின்றுபோனது.

அந்த நிலையில்தான் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை. வளைகுடாவில் பாதி கேம்புகளில் இந்த நான்கு மாவட்டத்துக்காரர்கள் இருப்பார்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கத்துத் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. குடிதண்ணீர்த் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓடவில்லை. அப்போது ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் எந்த ஊரிலும் இல்லை. எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவி இருக்கிறாள், எந்தத் தெருவுக்குப் பாதை அடைபட்டிருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்று தெரிந்த, ஊர் கேட்டால் பதில் சொல்லித் தீர வேண்டிய ஆள் இல்லை. முப்பது ஊருக்கு ஓர் அலுவலர், அவரும் ஆட்சியர் அலுவலகக் கூட்டத்துக்கு ஓட வேண்டியவர். மக்கள் சாலையை மறித்தார்கள், அமைச்சர்களின் வண்டியை மறித்தார்கள். வேறு யாரை மறிப்பது? இளைஞர்கள் தாங்களே மரம் அறுத்தார்கள், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பினார்கள். அந்த நிவாரணத்தைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமைக்குக் கீழே ஒரு காலி நாற்காலி இருந்ததைப் பேசுவதில்லை.

இலங்கையிலும் இதே சோதனை. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் ‘பணம் இல்லை’ என்று தள்ளிப்போனது. பிரதேச சபைகளும் மாநகர சபைகளும் செயலாளர்கள், ஆணையாளர்கள் கைக்குப் போயின. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்றுதான் வாக்களிக்க முடிந்தது. இரண்டு ஆண்டு அரசியல்வாதி இல்லாமல் இருந்ததால் கிளிநொச்சித் தெருக்கள் துபாய்த் தெருக்களாகிவிடவில்லை.

சரி, கவுன்சிலர் கமிஷன் வாங்குவது? வாங்குகிறார்கள். கடலூர் மாவட்டத்தில் 2019இல் ஊராட்சித் தலைவர் பதவியையே ஏலம் விட்ட செய்தியையும் படித்தோம். ஆனால் நியாயமாகப் பாருங்கள்: சென்னையின் குடிநீர் தனி வாரியத்திடம், நகரமைப்பு சி.எம்.டி.ஏ.விடம், பஸ் போக்குவரத்துக் கழகத்திடம், ஆணையர் மாநில அரசின் ஆள். 74ஆவது திருத்தம் பதினெட்டுப் பொறுப்புகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்து முப்பது ஆண்டு கடந்துவிட்டது. பட்டியல் தாளிலேயே இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மாமன்றத்தில் இருநூறு கவுன்சிலர்கள் இருந்தார்கள். செம்பரம்பாக்கத்தின் மதகை எப்போது திறப்பது என்று அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. அதிகாரத்தைக் கொடுக்காமல் வெறும் பலகையை மட்டும் கொடுத்தால், பலகையை வைத்து என்ன சம்பாதிக்க முடியுமோ அதைத்தான் சம்பாதிப்பார்கள். மேலும், ஏலம் விடுவது தேர்தலின் குற்றம் அல்ல; தேர்தலை நடக்கவிடாமல் செய்யும் குற்றம். அதை எதிர்ப்பவர் கேட்க வேண்டியது வாக்குப்பெட்டியை.

அந்தப் பதவிக்கு மதிப்பில்லை என்று நினைப்பவர்கள் மதுரைப் பக்கம் போய்வரட்டும். மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டு, முருகேசன் தலைவரானார் என்பதற்காகவே 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் கொட்டக்கச்சியேந்தலிலும் தலித் தலைவர் வந்துவிடக் கூடாது என்று பத்து ஆண்டு தேர்தலை முடக்கினார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. ஒன்றுக்கும் ஆகாத நாற்காலிக்காக யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பதைத் தொடும் என்று ஆதிக்கம் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. துபாயில் ஏ.சி. பஸ்ஸில் சாதி பார்க்காமல் உட்கார்ந்து பழகிய நமக்கு அது மறந்துபோகிறது.

இனி ஒன்றே ஒன்று. இதே கேம்பில், பக்கத்துக் கட்டிலில், மலையாளி இருக்கிறார். அவரும் அதே பலதியாவைத்தான் தினமும் பார்க்கிறார். ஆனால் கேரளத்தில் 1995இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கொரோனாக் காலமான 2020 டிசம்பரிலும்கூட, உள்ளாட்சித் தேர்தல் தவறியதில்லை. திட்ட நிதியில் கணிசமான பங்கு பஞ்சாயத்தின் கையில் போகிறது. தேர்தல் வந்தால் கே.எம்.சி.சி. என்ற மலையாளிகள் அமைப்பு, பேசி முடித்த குறைந்த கட்டணத்தில் விமானம் நிறைய ஆட்களை அனுப்பிவைக்கிறது, வாக்களித்துவிட்டு இரண்டு நாளில் திரும்பி ஷிஃப்டுக்கு வந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு இந்தியர் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், ஆனால் நேரில் போய்த்தான் வாக்களிக்க வேண்டும் என்ற சட்டம் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். வளைகுடா வாழ்க்கை அவர்களுக்குத் தேர்தல் வீண் என்ற பாடத்தைக் கற்றுத்தரவில்லை.

தமிழ்நாட்டில், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் வரவில்லை, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். வேதாரண்யமும் பேராவூரணியும் முத்துப்பேட்டையும் அப்படித் தனி அலுவலர்கள் வந்த மாவட்டங்களில்தான் இருக்கின்றன.